பழ ஈயும் படித்திறன் கொள்கையும் – ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற முட்டையொன்று பிரிந்து பல்லாயிரம் கலங்களாகப் பெருகும்போது, அக்கலங்கள் யாவும் ஒரே பரம்பரைப் பொருளையே பெறுகின்றன. அவ்வாறாயின், அவற்றுள் ஒன்று தலையின் பகுதியாகவும் மற்றொன்று வாலின் பகுதியாகவும் ஆவது எங்ஙனம்? முளையவியலின் நடுவில் என்றும் நின்றுவரும் வினா இதுவே. இதற்குக் கூறப்பட்ட விடைகளுள் ஒன்று படித்திறன் கொள்கையாகும். ஒரு பொருள் முளையத்தின் ஒரு முனையில் மிகுந்தும் மறுமுனையை நோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தும் இருக்குமாயின், ஒவ்வொரு கலமும் தன்னிடத்துள்ள அப்பொருளின் செறிவைக் கொண்டே தான் நிற்கும் இடத்தை அறிந்து, அதற்கேற்ப விருத்தியடையலாம் என்பதே அக்கொள்கையின் சாரம்.

இக்கொள்கை ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறுடையது. அதனை எடுத்துரைப்போர் பலர், 1988ஆம் ஆண்டிலே பழ ஈயின் முட்டையில் அத்தகைய பொருளொன்று கண்ணாற் காணப்பட்டதோடு வரலாற்றை முடித்துவிடுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. படித்திறன் உண்டா, இல்லையா என்ற வினா அவ்வாண்டிலே தீர்ந்தது உண்மையே. ஆயின் அச்சரிவை உண்டாக்கிக் காத்து நிற்பது எது என்ற, அதனினுங் கடினமான வினா அதன் பின்னரே முறையாக ஆராயப்பட்டது. சரிவினைப் பெறும் கலங்களே அதனை ஆக்குவதிலும் பங்குகொள்கின்றன என்பது அவ்வினாவுக்குக் கிடைத்த விடை. இவ்விடை ஏன் இத்துணை காலந் தாழ்த்துக் கிடைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றமும் தளர்ச்சியும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான தோமஸ் ஹண்ட் மோர்கன், துண்டிக்கப்பட்ட விலங்குகள் இழந்த உறுப்பை மீண்டும் வளர்ப்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். இத்துறை பற்றிய அவருடைய நூல் 1901ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெட்டப்பட்ட தட்டைப்புழுவின் துண்டில், முன்பக்கத்து வெட்டுவாயில் தலையும் பின்பக்கத்து வெட்டுவாயில் வாலும் தோன்றுவதற்கு, உடலின் நெடுக்கே படிப்படியாக வேறுபடும் பொருள்கள் காரணமாகலாம் என அவர் கருதினார். ஏறத்தாழ அதே காலத்தில் ஜேர்மனியரான தியோடோர் பொவேரி, கடல் முள்ளெலியின் முட்டையை ஆராய்ந்து, அதன் இரு முனைகளுக்கிடையே படிப்படியான வேறுபாடு இருத்தல் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

இக்கருத்தை ஒரு முழுமையான கொள்கையாக வளர்த்தவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மன்னிங் சைல்ட் ஆவார். தட்டைப்புழுக்களைப் பொற்றாசியம் சயனைட்டுக் கரைசலில் இட்டபோது அவற்றின் தலைப்பக்கம் முதலிற் சிதைவதையும், சிதைவு அங்கிருந்து பின்னோக்கிப் பரவுவதையும் அவர் கண்டார். உயிர்ச் செயற்பாட்டின் வேகம் தலையில் மிகுந்தும் வாலை நோக்கிக் குறைந்தும் செல்கின்றது என்றும், உடலின் ஒழுங்கனைத்துக்கும் அதுவே அடிப்படை என்றும் அவர் வாதிட்டார். இவ்வாதம் எதிர்ப்பைச் சந்தித்தது. தலைப்பக்கம் செயல் மிகுந்திருப்பது தலை தோன்றுவதற்குக் காரணமா, அன்றித் தலை தோன்றியதன் விளைவா? சைல்டின் பரிசோதனைகள் இதனைப் பிரித்தறியும் வலிமை உடையனவல்ல. எதனையும் விளக்கவல்லதாக நீட்டப்பட்ட கொள்கை, குறிப்பிட்ட எதனையும் விளக்காததாகவே பலருக்குத் தோன்றிற்று.

இதற்கிடையில் மோர்கன் வேறு வழியில் திரும்பிவிட்டார். 1910ஆம் ஆண்டில் தமது ஆய்வுகூடத்துப் பழ ஈக்களிடையே வெண்ணிறக் கண்ணுடைய ஆண் ஈ ஒன்றைக் கண்டு, அதன் வழியாகப் பரம்பரையலகுகள் நிறமூர்த்தங்களில் அமைந்திருப்பதை அவர் நிறுவினார். 1933ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்கே கிடைத்தது. முளையம் உருப்பெறும் சிக்கலைப் புறத்தே வைத்து, பண்புகள் கடத்தப்படும் முறையை மட்டும் ஆராய்ந்தமையே அவ்வெற்றிக்கு வழிவகுத்தது. படித்திறனைக் கைவிட்டு அவர் தெரிந்துகொண்ட அதே ஈ, முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அக்கொள்கைக்குச் சான்று தந்தது.

2. பொருளைத் தேடிய காலம்

1924ஆம் ஆண்டிலே ஜேர்மனியில் ஹான்ஸ் ஸ்பேமனும் ஹில்டே மன்கோல்டும் வெளியிட்ட பரிசோதனை முளையவியலாரின் கவனத்தை வேறொரு திசைக்கு ஈர்த்தது. நியூட் என்னும் ஈரூடகவாழியின் முளையத்தில் ஒரு சிறு பகுதியை எடுத்து, வேறு நிறமுடைய முளையமொன்றின் எதிர்ப்புறத்தே அவர்கள் ஒட்டினர். அவ்விடத்தில் இரண்டாவது உடலச்சு ஒன்று தோன்றியது. அதன் பெரும் பகுதி ஒட்டப்பட்ட துண்டிலிருந்தன்றி, அதனைச் சூழ்ந்திருந்த கலங்களிலிருந்தே உருவாயிற்று. அத்துண்டை அவர்கள் ‘அமைப்பான்’ என அழைத்தனர்.

அமைப்பானிலிருந்து வெளிப்படும் பொருள் யாது எனப் பலரும் தேடினர். 1932ஆம் ஆண்டில், கொல்லப்பட்ட அமைப்பானுங்கூட அவ்விளைவைத் தரவல்லது எனத் தெரியவந்தது. பின்னர் தொடர்பற்ற பல பொருள்களும் அவ்வாறே செயற்படக் காணப்பட்டன. எல்லாப் பொருளும் விடையாகத் தோன்றியபோது எதுவும் விடையாகக் கொள்ளத்தக்கதாயில்லை. வேதியியல் முறைகள் போதிய நுட்பம் பெறாதிருந்த அந்நாளில் தேடல் சோர்ந்தது.

1952ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணிதவியலாளரான அலன் ரியூறிங், உருவத் தோற்றத்தின் வேதியியல் அடிப்படை பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். உருவத்தை ஆக்கும் பொருள் என்னும் கருத்தில் ‘மோர்போஜன்’ என்ற சொல்லை வழங்கியவர் அவரே. நாம் அதனை ‘உருவாக்கி’ எனக் குறிப்போம். இரு பொருள்கள் ஒன்றோடொன்று தாக்கமுற்றுப் பரவுவதனாலேயே ஒருசீரான பரப்பில் ஒழுங்கான கோலம் தோன்றக்கூடும் என அவர் கணித வழியிற் காட்டினார். படித்திறன் முன்னரே அமைந்து கிடப்பதன்று, செயற்பாட்டால் ஆக்கப்படுவது என்னும் எண்ணம் இதனுள் அடங்கியிருந்தது. எனினும் முளையவியலாரிடையே இக்கட்டுரை நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை.

3. கட்டிய முட்டையும் மூவண்ணக் கொடியும்

பூச்சிகளில் இக்கொள்கை மீண்டும் தளிர்த்தமைக்கு ஜேர்மனியரான கிளவுஸ் சாண்டரின் பணி முதன்மையானது. 1960ஆம் ஆண்டளவில் அவர் தத்துப்பூச்சி இனமொன்றின் முட்டைகளை ஆராய்ந்தார். அம்முட்டையின் பின்முனையில் பூச்சியோடு ஒன்றிவாழும் பற்றீரியாக்கள் சிறு உருண்டையாகத் திரண்டிருக்கும். அவ்வுருண்டையை அடையாளமாகக் கொண்டு, பின்முனைப் பொருளை முன்னோக்கித் தள்ளியும், முட்டையைக் குறுக்கே இறுகக் கட்டியும் அவர் பரிசோதித்தார். கட்டப்பட்ட இடத்தையும் காலத்தையும் பொறுத்து, தோன்றிய உடற்றுண்டங்கள் வேறுபட்டன. முட்டையின் இரு முனைகளிலிருந்தும் வரும் இரு தூண்டல்களின் அளவே துண்டங்களைத் தீர்மானிக்கின்றது என்பது அவர் கண்ட முடிவு.

1969ஆம் ஆண்டில், குடிசார் பொறியியல் பயின்று பின்னர் உயிரியலுக்கு வந்த லூயிஸ் வொல்பேட், இடத்தகவல் என்னும் கருத்தை முன்வைத்தார். நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய பட்டைகளைக் கொண்ட பிரெஞ்சுக் கொடியை அவர் உவமையாகக் காட்டினார். கலங்களின் வரிசையொன்றில் ஒரு பொருளின் செறிவு ஒரு முனையிலிருந்து குறைந்து செல்ல, இரு குறித்த அளவுகளைக் கலங்கள் எல்லையாகக் கொள்ளுமாயின், வரிசை நீளினுங் குறுகினும் மூன்று பட்டைகளும் சமமாகவே அமையும் வழியுண்டு என அவர் விளக்கினார்.

அடுத்த ஆண்டில், டி.என்.ஏ. அமைப்பைக் கண்டோருள் ஒருவரான பிரான்சிஸ் கிரிக், வெறும் பரவலே இத்தகைய சரிவை ஆக்கப் போதுமா எனக் கணித்தார். ஒரு மில்லிமீற்றருக்குட்பட்ட தூரத்தில், சில மணி நேரத்துள் அது இயலும் என்பது அவர் பெற்ற விடை. அவர் கணிப்பில் ஒரு முனையிற் பொருளை வழங்கும் ஊற்று இருந்தது. மறுமுனையில் அதனை அழிக்கும் வடிகால் இருந்தது. வடிகாலின்றேல் அச்சரிவு நிலைக்காது. பொருள் ஓரிடத்திற் பிறந்தால் மட்டும் போதாது, எங்கேனும் அழியவும் வேண்டும் என்பதை இது தெளிவாக்கிற்று. ஆயினும் இடையிலுள்ள கலங்கள் கொடியின் நிறங்களைப் போலத் தாமாக எதுவும் செய்யாது, தமக்கு வாய்த்த செறிவை அளந்தறிவனவாகவே கருதப்பட்டன.

4. ஹைடெல்பேர்க்கிலிருந்து 1988 வரை

கொள்கை இவ்வாறு கூர்மையடைந்த போதும், உருவாக்கியெனச் சுட்டத்தக்க ஒரு பொருளேனும் எவர் கையிலும் இல்லை. அதனைத் தந்தது வேதியியலன்று, பரம்பரையியல். ஹைடெல்பேர்க் நகரிலிருந்த ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்தில் கிறிஸ்ரியானே நியூஸ்லைன்-பொல்ஹாட், எரிக் வீஷவுஸ் ஆகிய இருவரும் பழ ஈக்களிற் பெருந்தொகையான விகாரங்களை உண்டாக்கி, அவற்றாற் குடம்பியின் துண்ட அமைப்பு கெடும் வகைகளைத் தேடினர். அவர்கள் 1980ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, துண்டங்களின் எண்ணிக்கையையும் திசையமைப்பையும் ஆளும் 15 பரம்பரையலகுகளைப் பட்டியலிட்டது. இப்பணிக்காக இருவரும், எட்வேட் லூயிஸ் என்பாரோடு, 1995ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இதனைத் தொடர்ந்து, தாய் ஈ முட்டையில் இட்டுவைக்கும் பொருள்களை ஆளும் பரம்பரையலகுகள் ஆராயப்பட்டன. அவற்றுள் ‘பைகொயிட்’ எனப் பெயர்பெற்ற ஒன்று கெட்ட தாயின் முட்டைகளில் தலையும் நெஞ்சறையும் தோன்றவில்லை. தலை இருக்கவேண்டிய முனையில் வால்முனை உறுப்புகள் தோன்றின. இயல்பான முட்டையொன்றின் முன்முனைக் குழியவுருவை எடுத்து அத்தகைய முட்டையிற் செலுத்தியபோது குறை நீங்கிற்று. நடுப்பகுதியிற் செலுத்தினால், நடுப்பகுதியிலேயே தலையின் உறுப்புகள் தோன்றின.

1988ஆம் ஆண்டில், தியூபிங்கன் நகரில் வொல்வ்காங் திரீவரும் நியூஸ்லைன்-பொல்ஹாட்டும் பைகொயிட் புரதத்தைப் பற்றும் பிறபொருளெதிரியைக் கொண்டு முளையத்தைச் சாயமேற்றினர். ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் நீளமுள்ள முட்டையின் முன்முனையிற் புரதம் செறிந்திருந்தது. பின்னோக்கிச் செல்லச் செல்லக் குறைந்தது. புரதத்தை ஆக்குவதற்கான தூது ஆர்.என்.ஏ.யைத் தாய் முன்முனையிற் பொருத்தி வைக்கின்றாள், புரதம் அங்கே பிறந்து பின்னோக்கிப் பரவுகின்றது, பரவும்போதே சிதைகின்றது. தாயிடத்துள்ள பைகொயிட் பிரதிகளின் எண்ணிக்கையைக் கூட்டியபோது, தலையின் எல்லையாகத் தோன்றும் மடிப்பு பின்னோக்கி நகர்ந்தது. குறைத்தபோது முன்னோக்கி நகர்ந்தது. சைல்டால் தர இயலாதுபோன காரணச் சான்று இதுவே. செறிவை மாற்றினால் இடம் மாறுகின்றது. ஆகவே செறிவு விளைவன்று, காரணம்.

5. சான்றின் தனித்தன்மை

இவ்விடத்தில் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். பழ ஈயின் முளையம் அதன் முதற் சில மணி நேரத்திற் கலங்களாற் பகுக்கப்பட்டதன்று. கரு மட்டுமே பதின்மூன்று முறை பிரிகின்றது. ஏறத்தாழ 6,000 கருக்கள் ஒரே பொதுக் குழியவுருவில் மிதந்து புறவோரத்தில் அடுக்கப்பெற்ற பின்னரே மென்சவ்வுகள் இடையிட்டு அவற்றைக் கலங்களாக்குகின்றன. பைகொயிட் பரவுவது அதற்கு முற்பட்ட காலத்திலாகும். அங்கே பொருளைப் பற்றும் வாங்கிகள் இல்லை. கடக்கவேண்டிய கலச் சுவர்களில்லை. கிரிக் கற்பனை செய்த தடையற்ற பரவலுக்கு இயற்கையில் இதனினும் அண்மையான இடமொன்றைக் காண்டல் அரிது.

ஆகவே படித்திறன் கொள்கையின் புகழ்பெற்ற சான்று, கலங்களே இல்லாத ஒரு நிலையிலிருந்து கிடைத்ததாகும். கலங்கள் சரிவை எவ்வாறு ஒழுங்குபடுத்துகின்றன என்ற வினா அங்கே எழுவதற்கு இடமேயில்லை. இரண்டாம் வினா மறைந்துநின்றமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது நமது துணிபு.

எனினும் அச்சான்றினுள்ளேயும் ஓர் உறுத்தல் இருந்தது. பைகொயிட் அளவு மிகுக்கப்பட்டு, தலைப்பகுதி மிகை விரிவு பெற்ற முளையங்களுட் பல பின்னர் தம்மைச் சீர்செய்துகொண்டு வளர்ந்தன. 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, விரிந்த பகுதிகளிலே கலங்கள் மிகுதியாக மடிவதனால் அச்சீர்மை எய்தப்படுவதைக் காட்டிற்று. அளவின் நுட்பம் பற்றியும் கருத்து வேறுபாடு எழுந்தது. 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்குழு, பைகொயிட் சரிவு முளையத்துக்கு முளையம் பெரிதும் வேறுபடினும் அதனைப் பின்பற்றும் அடுத்த பரம்பரையலகின் எல்லை துல்லியமாகவே அமைகின்றது என்றது. 2007ஆம் ஆண்டில் தோமஸ் கிரெகர், வீஷவுஸ், வில்லியம் பியலெக் முதலானோர் உயிருள்ள முளையங்களில் அளந்து, சரிவே ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து என்ற வேறுபாட்டினுள் அமைவதையும், அடுத்தடுத்துள்ள கருக்கள் அவ்வளவு சிறிய வேறுபாட்டையும் பிரித்தறிவதையும் காட்டினர். படித்திறன் உண்டென்பது பற்றிய வாதம், அது எத்துணைத் துல்லியமானது என்பது பற்றிய வாதமாக மாறிவிட்டது.

6. கலங்களின் பங்கு

இரண்டாம் வினாவைத் தவிர்க்க இயலாததாக்கியது ஈயின் சிறகாகும். குடம்பியின் உடலினுள்ளே, பின்னர் சிறகாக விரியப்போகும் கலங்கள் தட்டுப்போன்ற சிறு பையொன்றாக வளர்கின்றன. இவை மென்சவ்வாற் சூழப்பட்ட முழுமையான கலங்கள். இவற்றிடையே செல்லும் சமிக்ஞை மூலக்கூறுகள் கலத்துக்கு வெளியே சுரக்கப்பட்டு, அடுத்த கலத்தின் வாங்கியாற் பற்றப்பட வேண்டியவை.

தட்டின் பின்பாதிக் கலங்கள் ‘ஹெட்ஜ்ஹொக்’ என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. இப்பரம்பரையலகு கெட்ட குடம்பி முட்கள் அடர்ந்து தோன்றியமையால் முள்ளெலியின் பெயர் இடப்பட்டது. முன்பாதியில் எல்லையை அடுத்துள்ள சில வரிசைக் கலங்களை மட்டுமே அது எட்டுகின்றது. அதனைப் பற்றும் வாங்கி ‘பாட்ச்ட்’ எனப்படும். ஹெட்ஜ்ஹொக்கைப் பெற்ற கலம் பாட்ச்ட் வாங்கியை மேலும் மிகுதியாக ஆக்குகின்றது. 1996ஆம் ஆண்டில் யூ சென், கரி ஸ்ட்ரூல் ஆகியோர் இதன் பொருளைத் தெளிவுபடுத்தினர். மிகுதியாக ஆக்கப்பட்ட வாங்கி, சமிக்ஞையை உணர்வதோடு நில்லாது, அதனைப் பற்றி நிறுத்தி அப்பாற் செல்லாது தடுக்கின்றது. சமிக்ஞை தன் எல்லையைத் தானே வருவித்துக்கொள்கின்றது எனலாம். இவ்விரு பரம்பரையலகுகளும் 1980ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தவை. சமிக்ஞையும் அதன் அணையும் ஒரே பட்டியலிற் கிடந்தும், அவற்றின் உறவை அறியப் பதினாறு ஆண்டுகள் சென்றன.

ஹெட்ஜ்ஹொக்கைப் பெற்ற எல்லைக் கலங்கள் மற்றொரு புரதத்தைச் சுரக்கின்றன. அதன் நெடிய பெயரைச் சுருக்கி டி.பி.பி. என்பர். அது இரு புறமும் பரவிச் சிறகின் நரம்புகள் அமையும் இடங்களைத் தீர்மானிக்கின்றது. 1998ஆம் ஆண்டில் தோமஸ் லெக்கூயியும் ஸ்டீபன் கோஹனும் அதன் வாங்கி பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இங்கே நிகழ்வது முன்னையதற்கு மாறானது. டி.பி.பி. மிகுந்த நடுப்பகுதியில் வாங்கியின் அளவு குறைக்கப்படுகின்றது. ஆதலாற் புரதம் தடையின்றி நெடுந்தூரம் செல்கின்றது. வாங்கியைச் செயற்கையாக மிகுவித்தால் அது ஊற்றின் அருகிலேயே தேங்கிவிடுகின்றது. ஒரு சமிக்ஞை குறுகவும் மற்றொன்று நீளவும் வேண்டுமெனில், கலங்கள் ஒன்றுக்கு வாங்கியைக் கூட்டுகின்றன, மற்றொன்றுக்குக் குறைக்கின்றன. கலங்களின் புறத்தேயுள்ள வெல்லச் சங்கிலிகள் கோத்த புரதங்களும் டி.பி.பி.யை ஏந்திக் கடத்துவதிற் பங்குகொள்கின்றன என்பது பின்னர் நிறுவப்பட்டது.

முளையத்தின் முதுகுப்புறத்திலும் டி.பி.பி. செயற்படுகின்றது. அங்கே அது பரந்த பகுதியில் ஒருசீராகவே ஆக்கப்படினும், அதன் செயல் முதுகின் நடுக்கோட்டில் மட்டுமே உச்சமடைகின்றது. பக்கக் கலங்கள் சுரக்கும் ‘சொக்’ என்னும் புரதம் டி.பி.பி.யைப் பிணித்துச் செயலறச் செய்து நடுக்கோட்டை நோக்கிக் கொண்டுசெல்ல, அங்கே ‘டொலொயிட்’ என்னும் நொதியம் சொக்கை வெட்டி டி.பி.பி.யை விடுவிக்கின்றது. தடுக்கும் பொருளே சுமந்து செல்லும் பொருளுமாகின்றது. 2002ஆம் ஆண்டில் இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர், சொக் அல்லது டொலொயிட் பாதியாகக் குறைக்கப்பட்டபோதும் இச்சரிவு பெரிதும் மாறாதிருப்பதைக் கணிதத்தாலும் பரிசோதனையாலும் காட்டினர்.

இச்சொக்கிற்கு நிகரான புரதம், ஸ்பேமனின் அமைப்பான் சுரக்கும் பொருள்களுள் ஒன்றாக 1990களிற் கண்டறியப்பட்டது. தவளையினத்தின் புரதம் ஈயிலும், ஈயின் புரதம் தவளையினத்திலும் செயற்பட வல்லன என 1995ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. 1930களிற் சோர்ந்துபோன தேடலுக்கான விடையின் ஒரு பகுதி இவ்வாறு ஈயின் வழியாகக் கிட்டியது.

7. தீராத வாதங்கள்

கலங்கள் சரிவை ஒழுங்குபடுத்துகின்றன என்பதில் இன்று ஐயமில்லை. எனினும் மூலக்கூறு கலத்துக்குக் கலம் செல்லும் வழி பற்றி ஒருமைப்பாடு இல்லை. 2000ஆம் ஆண்டில் இரு குழுவினர் டி.பி.பி.யோடு பச்சை ஒளிர் புரதத்தை இணைத்து, சிறகுத் தட்டிலே அதன் சரிவை நேரிற் கண்டனர். அதனை ஒவ்வொரு கலமும் உள்வாங்கி மறுபுறம் வெளியிடுகின்றது என்றனர் சிலர். கலங்களுக்குப் புறத்தே பரவலாற் செல்கின்றது என்றனர் வேறு சிலர். 1999ஆம் ஆண்டில் தோமஸ் கோன்பேர்க்கும் அவருடன் பணியாற்றியவரும் சிறகுத் தட்டுக் கலங்கள் ஊற்றை நோக்கி மெல்லிய நீட்டங்களை விடுவதைக் கண்டனர். சமிக்ஞை அந்நீட்டங்களின் வழியே கையளிக்கப்படுகின்றது என்பது அவர்தம் கருத்து.

இவற்றினும் கூரிய ஐயம் 2014ஆம் ஆண்டில் எழுந்தது. ‘விங்லெஸ்’ என்னும் புரதமும் சிறகிலே பரவிச் செயற்படும் உருவாக்கிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டு வந்தது. ஜோன்-போல் வின்சென்ற் குழுவினர், அது கல மென்சவ்வோடு பிணைக்கப்பட்டு எங்கும் பரவ இயலாதவாறு ஈக்களை மாற்றியமைத்தனர். அவ்வீக்கள் உயிர்வாழ்ந்தன, அவற்றின் சிறகுகளும் ஏறத்தாழ இயல்பாகவே அமைந்தன. சரிவொன்று காணப்படுவதாலேயே அது உருவத்தை ஆக்குகின்றது என முடிவுசெய்தல் ஆகாது என்பதை இது மீண்டும் நினைவூட்டியது. ஒரு நூற்றாண்டுக்கு முன் சைல்டை நோக்கி எழுப்பப்பட்ட வினா, புதிய கருவிகளோடு திரும்பி வந்தது.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் இரண்டு முடிவுகளைப் பெறலாம். முதலாவது, படித்திறன் கொள்கை தளர்ந்தது அது பொய்யானமையாலன்று. காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டவல்ல பரிசோதனை அதற்கு வாய்க்காமையாலாகும். அப்பரிசோதனை, கொள்கையைக் கைவிட்டுச் சென்றோர் வளர்த்த பரம்பரையியலிலிருந்தே வந்தது. ஒரு துறை புறக்கணித்த வினாவுக்கு, அதனைப் புறக்கணித்ததாற் பெற்ற கருவியே பின்னர் விடை தந்தது என்பது அறிவியல் வரலாறு பயில்வோர் கருதத்தக்கது.

இரண்டாவது, ஒரு கொள்கைக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று, அக்கொள்கையின் மிக எளிய நிலையிலிருந்தே கிடைத்தல் கூடும். பைகொயிட் அவ்வாறான சான்று. அதனையே பொதுவிதியாகக் கொண்டவர்கள், கலங்களை வெறும் அளவறிவனவாகவே கண்டனர். சிறகை ஆராய்ந்தோர் கண்டது வேறு. அங்கே ஒவ்வொரு கலமும் தன்னை வந்தடையும் சமிக்ஞையைப் பற்றுகின்றது, அழிக்கின்றது, கடத்துகின்றது. தன் வாங்கிகளைக் கூட்டியுங் குறைத்தும் அண்டைக் கலம் பெறும் அளவையும் மாற்றுகின்றது. சரிவென்பது ஓரிடத்தில் இட்டு மறுபுறம் ஓடவிட்ட நீரன்று. வழியெங்கும் உள்ள மடைகள் திறந்தும் மூடியும் காத்து நிற்கும் மட்டம் எனலாம். முளையவியலைப் பயிலும் நம் மாணவர் பிரெஞ்சுக் கொடியின் படத்தைக் கற்கும்போதே, அக்கொடியின் பட்டைகளாக நிற்கும் கலங்கள் அச்சரிவின் ஆக்கத்திலும் பங்குடையன என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும்.